மட்டக்குளி மில்லில் அக்காவின் குரல்

கொட்டாஞ்சேனை
11.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி நமசிவாயம் எழுதுவது. இங்கே நான் சுகம். இரத்தத்தில் சீனி மட்டும் ஏறி இறங்குகிறது, மற்றப்படி குறை சொல்ல ஒன்றும் இல்லை. உங்கள் முழங்கால் எப்படி? மகள் உஷாந்தியும் மருமகனும் சுகமாக இருக்கிறார்களா?

ஒரு விஷயம் எழுதவேண்டும். உஷாந்திக்கு ரெலிபோனில் சொல்லி, அவள் உங்களுக்குச் சைகையில் காட்டி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை. எங்கள் மட்டக்குளி மில்லை விற்றுவிட்டார்கள். பழைய முதலாளியின் பேரப்பிள்ளைகள் ஒரு கட்டடக் கம்பனியோடு சேர்ந்து அந்த இடத்தில் மாடிவீடுகள் கட்டப்போகிறார்கள். நீங்கள் இருபது வருஷம் நின்ற தறிக்கூடத்துக்கு இப்போது கூரை இல்லை. றோட்டுப் பக்கம் மணிக்கூடு வைத்த முன்கட்டடம் மட்டும் மிச்சம்.

அதையாவது அருங்காட்சியகமாக ஆக்கவேண்டும் என்று கேட்டு ஒரு குழு தொடங்கியிருக்கிறோம். மில்லில் மெக்கானிக்காக இருந்த அலவி நானா, வெள்ளவத்தையில் இருந்து வருகிற சாம்பவி என்ற கட்டடக்கலைஞர், நான், இன்னும் சிலர். மனுவை எழுதியது நான்தான். துறைமுகக் கந்தோரில் வேலை செய்த காலம் முழுக்க மற்றவர்களுக்காகக் கடிதம் எழுதினேன், இது எனக்காக எழுதியது. கொழும்பைப் பார்க்க வருகிறவர்களுக்கு வெள்ளைக்காரனின் பங்களாவையும் பழைய ஹோட்டலையும் காட்டுகிறார்கள். இந்த நகரத்துக்குச் சோறு போட்டது எண்ணெய் ஆலையும் நூல் மில்லும் கப்பல் பட்டறையும் அச்சகமும். மில் சங்கு ஊதினால் மூன்று இனச் சனமும் ஒரே வாசலால் உள்ளே போகும். அப்படி ஒரு வாசல் இந்த ஊரில் இனி எங்கே இருக்கிறது? அதை இடித்துவிட்டால், இங்கே கைவேலை செய்து ஒருவரும் வாழவில்லை என்றுதான் நாளைக்கு எழுதுவார்கள். இப்படியெல்லாம் எழுதியிருக்கிறேன்.

தறியில் வேலை செய்த ஒருவரின் குரலைப் பதிந்து வைக்கவேண்டும் என்கிறாள் சாம்பவி. நான் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். மாட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு
உங்கள் தம்பி
நமசிவாயம்


வவுனியா
03.03.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு கிழமைக்கு மேல். முழங்காலைப் பற்றி எழுதினால் கடிதம் அதோடு முடிந்துவிடும், ஆகவே விடுகிறேன். உஷாந்தி சுகம். மருமகனுக்கு மன்னார்ப் பக்கம் வேலை, சனிக்கிழமைகளில்தான் வருகிறார். நீ சீனிக்கு டொக்டர் தந்த குளிசையை ஒழுங்காகப் போடு. போடுகிறேன் என்று எழுதுவதால் ஒரு பிரயோசனமும் இல்லை.

கூரை போய்விட்டது என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றி எனக்கு என்ன நினைப்பது என்று தெரியவில்லை. அந்தக் கூரையின் கீழ்தான் என் காது போனது. போனது எனக்கே வெகுகாலம் தெரியாது. உள்ளே நாங்கள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் கதைத்தோம், காதுக்கு அங்கே வேலை இல்லை. வெளியில் வந்தபிறகுதான் பஸ்ஸின் கோன் சத்தமும் கேட்கவில்லை என்று விளங்கியது.

ஒரு தறியைக் கொண்டுவந்து கண்ணாடிக்குள் வைப்பீர்கள். சத்தம் இல்லாத தறி ஒரு கட்டில் மாதிரி. சத்தத்தைப் போட்டால் வருகிற ஆட்கள் ஐந்து நிமிஷம் நிற்கமாட்டார்கள். இதை உன் குழுவில் சொல்.

ஆனாலும் நீ எழுதியது பிழை என்று சொல்லமாட்டேன். குரல் தருகிறேன். மாக்ரெட்டின் கதையையும் வைப்பீர்கள் என்றால் தருகிறேன். பஞ்சு அறை எரிந்த நாளை நீ மறந்திருக்கமாட்டாய். அங்கே வேலை செய்த பிள்ளைகள் பஞ்சைத் திருடுகிறார்கள் என்று சொல்லிக் கதவை வெளியால் பூட்டி வைத்திருந்தார்கள். நாலு பேர் உள்ளேயே எரிந்து போனார்கள். என் பக்கத்துத் தறிக்காரி மாக்ரெட், அன்றைக்கு ஆள் குறைவு என்று அவளை அங்கே மாற்றி அனுப்பினார்கள். விசாரணைக்கு வந்தவர்கள் வயர் கோளாறு என்று எழுதிக்கொண்டு போனார்கள். பூட்டைப் பற்றி எந்த இடத்திலும் ஒரு வரி இல்லை. உன் மியூசியத்தில் அந்த வரி இருக்கவேண்டும்.

அவ்வளவுதான் நான் கேட்பது.

அக்கா
றஞ்சிதம்


கொட்டாஞ்சேனை
21.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வருஷப்பிறப்புக்கு உங்கள் கைப்பலகாரம் இல்லாமல் போனது இந்த முறையும் குறைதான். குளிசை போடுகிறேன், நம்புங்கள்.

நல்ல செய்தி. கம்பனி ஒத்துக்கொண்டுவிட்டது. முன்கட்டடத்தை இடிக்கமாட்டார்கள், அவர்களுடைய செலவிலேயே அருங்காட்சியகம் அமைத்துத் தருவார்கள். அலவி நானா கூட்டம் முடிந்து வெளியே வந்து, சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "நமசி, இது நடக்கும் எண்டு நான் நினைக்கல்ல" என்றார். எனக்கும் கண் கலங்கியது.

மாக்ரெட்டின் கதை கட்டாயம் வரும். அது இல்லாமல் இந்த மில்லுக்கு என்ன சரித்திரம்? சாம்பவியிடமும் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் அவள் ஒலிப்பதிவுக் கருவியோடு வவுனியாவுக்கு வருவாள். நல்ல பிள்ளை. நீங்கள் வாயைப் பார்த்து விளங்குவீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் சுகத்தை எதிர்பார்க்கும்
தம்பி


வவுனியா
26.05.2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம், அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

சாம்பவி வந்து போனாள். கொழும்பில் இருந்து கோச்சியில் வந்து களைத்துப் போயிருந்தாள், முதலில் சாப்பாட்டைக் கொடுத்தேன். கேள்விகளைப் பெரிய எழுத்தில் கடதாசியில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். நான் கதைக்கக் கதைக்க ஒரு சின்னப் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்தில் தொடங்கி விளக்கு வைக்கும் வரை கதைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் அவ்வளவு கதைத்தது இல்லை.

பஞ்சு அறையைப் பற்றி எல்லாம் சொன்னேன். யார் பூட்டியது, பூட்டின் திறப்பு யாரிடம் இருந்தது, நாங்கள் தறியை விட்டு ஓடிப்போய்க் கதவை இடித்தது, பிறகு பெரியாஸ்பத்திரிப் பிணவறை வாசலில் நின்றது. அந்தப் பிள்ளை அழுதாள். கருவி நடுங்கக்கூடாது என்று மேசையில் வைத்துவிட்டு அழுதாள்.

முடிந்த பிறகு, திருப்பிக் கேட்டுப் பார்க்கிறீர்களா என்று பழக்கத்தில் கேட்டுவிட்டாள். கேட்டவுடன் அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்தேன். குரல் நல்லா இருக்கிறதா என்று கேட்டேன். பெருவிரலைக் காட்டினாள். என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. ஒரு கடதாசியில் கையெழுத்துக் கேட்டாள், குரலைப் பாவிக்கச் சம்மதம் என்று. போட்டுக்கொடுத்தேன்.

முகத்துவாரத்தில் இருக்கிற மாக்ரெட்டின் மகள் ஜசிந்தாவுக்கு இதைச் சொல்லிவிடு. தாய் போகும்போது அந்தப் பிள்ளை நடக்கத் தொடங்கி இருந்தாள். தாயின் பெயர் ஒரு இடத்தில் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியவேண்டும்.

அக்கா


கொட்டாஞ்சேனை
28.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது, குறை நினைக்கவேண்டாம். கூட்டத்துக்கு மேல் கூட்டம். இப்போது எல்லாம் கம்பனிக் கந்தோரில்தான், ஏசிக்குள் இருந்து எனக்குத் தடிமன் பிடித்துவிட்டது.

மணிக்கூட்டைத் திருத்த ஆள் பிடித்தாயிற்று. தறி ஒன்றைத் துருவெடுத்து, எண்ணெய் பூசி வைத்திருக்கிறார்கள், புதுசு மாதிரி. சங்கையும் கண்டுபிடித்தோம், அது ஒரு குடோனில் கிடந்தது. சுவர் முழுக்கப் பழைய படங்கள். உங்கள் படம் ஒன்றும் இருக்கிறது, இரட்டைப் பின்னலோடு, தறிக்குப் பக்கத்தில். அதைப் பெரிதாக்கிப் போடப்போகிறார்கள்.

அலவி நானா இப்போது கூட்டங்களுக்கு வருவதில்லை. அவருக்கும் வயது போகிறதுதானே.

கார்த்திகையில் திறப்பு விழா என்று பேச்சு. முழங்காலுக்கு அந்தப் பச்சை எண்ணெய் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்
தம்பி


வவுனியா
18.08.2024

அன்புத் தம்பிக்கு,

எண்ணெய் வந்தது. பூசுகிறேன். தடிமன் மாறியதா?

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். சங்கு இருக்கிறது, மணிக்கூடு இருக்கிறது, என் பின்னல் இருக்கிறது. மாக்ரெட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. மறந்துவிட்டாயா, அல்லது எழுத இடம் போதவில்லையா?

அலவி நானாவுக்கு உன்னைவிட நாலு வயதுதான் கூட.

ஜசிந்தா தாயின் படத்தைக் கழுவிப் பெரிதாக்கி வைத்திருக்கிறாளாம். திறப்பு விழாவுக்குக் கொண்டுவரலாமா என்று உஷாந்தியிடம் கேட்டிருக்கிறாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? உடனே எழுது.

அக்கா


கொட்டாஞ்சேனை
24.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு மாதமாக எழுதவில்லை. சீனி கூடி இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தேன். உங்களுக்குச் சொல்லவேண்டாம் என்று நான்தான் உஷாந்தியைத் தடுத்தேன். இப்போது பரவாயில்லை.

போன சனிக்கிழமை திறந்துவிட்டார்கள். பெரிய ஆட்கள் வந்தார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள், சங்கையும் ஒருதரம் ஊதினார்கள். றோட்டில் போன வயதானவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். உங்கள் குரலைக் கேட்கத் தனி இடம் வைத்திருக்கிறார்கள். சுவரில் உங்கள் படம், கீழே காதில் மாட்டிக் கேட்கும் கருவி. சனம் வரிசையில் நின்று கேட்டது. "என்ன அழகான தமிழ்" என்று ஒரு அம்மா சொன்னார். பக்கத்தில் ஒரு திரையில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுத்து ஓடுகிறது.

உங்களைக் கூப்பிடவில்லையே என்று நினைக்கவேண்டாம். அவ்வளவு தூரம், அந்தக் காலோடு, சனத்துக்குள் வேண்டாம் என்று விட்டேன். ஜசிந்தாவுக்கும் பிறகு ஒரு நாள் ஆறுதலாகக் காட்டலாம்.

மழை விடவில்லை. அங்கே குளங்கள் நிரம்பிவிட்டனவாம், கவனம்.

தம்பி


வவுனியா
15.12.2024

தம்பிக்கு,

ஆஸ்பத்திரியில் இருந்ததை மறைத்தது பிழை. அதற்கு உன்னை நேரில் ஏசுகிறேன்.

ஜசிந்தா போன கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ரிக்கற் எடுத்து, தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறாள். பிறகு உஷாந்திக்கு ரெலிபோன் எடுத்துக் கதைத்தாள். உஷாந்தி முதலில் எனக்கு ஒன்றும் இல்லை என்று கையைக் காட்டினாள். அவளுடைய கண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் எழுதிக் காட்டினாள். அம்மாவின் பெயர் ஒரு தரம் வந்ததாம். அம்மா சிரித்தது மட்டும் வந்ததாம். மிச்சம் வரும் என்று நினைத்து அந்தப் பிள்ளை அதே இடத்தில் நின்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள்.

எனக்குக் கேட்கமுடியாது. கொழும்புக்கு வந்தாலும் கேட்கமுடியாது. என் வாய் என்ன சொல்கிறது என்று அங்கே வருகிற சனம் எல்லாம் கேட்கிறது, எனக்கு மட்டும் தெரியாது. ஆகவே நீ போ. போய்க் காதில் மாட்டு. அதில் வருகிறதைச் சொல்லுக்குச் சொல் எழுதி அனுப்பு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

றஞ்சிதம்


கொட்டாஞ்சேனை
12.01.2025

அக்கா,

நீங்கள் கேட்டபடி போனேன். இதுதான் அதில் இருப்பது.

"காலமை சங்கு ஊதும். நாங்கள் ஓடுவம். தறிச் சத்தம் எண்டா பெருமழை மாதிரி. எனக்குப் பக்கத்துத் தறி மாக்ரெட். அவ சிரிச்சா எனக்குச் சத்தம் கேக்காது, பல்லுத்தான் தெரியும். எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி நிண்டம். சிங்களம், தமிழ், முஸ்லிம் எண்டு ஒண்டும் இல்லை. ஒருத்தற்ரை தோளிலை ஒருத்தர் சாஞ்சு நிண்டம்."

பிறகு வயலின் வரும். அவ்வளவுதான்.

ஒரே குடும்பம் மாதிரி நின்றது எங்கே என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். முழுப் பதிவையும் சாம்பவி ஆனியிலேயே எனக்குத் தந்திருந்தாள். பிணவறை வாசலிலை, சவப்பெட்டி வரும் வரைக்கும், என்று அதற்கு முன்னால் நீங்கள் சொல்கிறீர்கள். அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். வெட்டிய இடமே தெரியாது, அவ்வளவு நேர்த்தி.

நடந்ததைச் சொல்கிறேன். ஆடிக் கூட்டத்தில் கம்பனியின் வழக்கறிஞர் வந்திருந்தார். பழைய முதலாளி குடும்பத்துக்கு இதில் பங்கு இருக்கிறது, வழக்கில் மாட்டுகிற கதை வேண்டாம் என்றார். கம்பனி ஆள் ஒருவர் சிரித்த முகத்தோடு, "அங்கிள், இது ஒரு கொண்டாட்டம்தானே, மாடியில வீடு வாங்க வாற ஆக்களும் பாப்பினம்" என்றார். நான் எழும்பி, நாலு பேரின் பெயரையாவது ஒரு கல்லில் போடுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்கள். அலவி நானா கதிரையைத் தள்ளிவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவில்லை. சாம்பவி சண்டை பிடித்தாள், வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். நான் இருந்தேன். நானும் போனால் உள்ளே கேட்க ஆள் இல்லை என்று நினைத்து இருந்தேன். கேட்டுக்கொண்டும் இருந்தேன். கல் வரவில்லை.

இதை எப்படி உங்களுக்கு எழுதுவது என்று தெரியாமல்தான் சங்கையும் மணிக்கூட்டையும் எழுதினேன்.

நமசிவாயம்


வவுனியா
19.01.2025

தம்பிக்கு,

என் குரலை எடுக்கச் சொல். படமும் வேண்டாம்.

றஞ்சிதம்


கொட்டாஞ்சேனை
23.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா என்று கேட்கவே கை கூசுகிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

கம்பனிக்கு இரண்டு தரம் எழுதினேன், மூன்று தரம் நேரில் போனேன். நீங்கள் போட்ட கையெழுத்து குரலை எப்படியும் பாவிக்கலாம் என்பதற்காம். அந்தத் தாளைக் கம்பனி கொடுத்தபடியே சாம்பவி கொண்டுவந்தவள், அவளுக்கும் இது தெரியாது. வரவேற்பறையில் இருக்கிற பிள்ளை எனக்குத் தேத்தண்ணி தருகிறாள், "சேர் மீட்டிங்கில" என்கிறாள். ஒருவரும் என்னோடு கோபிக்கவில்லை. கோபித்தாலாவது திருப்பிச் சத்தம் போடலாம்.

அந்த மனுவை நான் எழுதாமல் இருந்திருந்தால் கட்டடம் இடிந்திருக்கும். அது நல்லதா கூடாதா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. எழுதியது எல்லாம் உண்மை, அக்கா. இன்றைக்கும் உண்மைதான்.

கண் கிளினிக்குக்கு உஷாந்தி உங்களைப் பங்குனியில் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். இங்கேயே வந்து நில்லுங்கள். தயவுசெய்து.

தம்பி


வவுனியா
06.04.2025

அன்புத் தம்பிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். உன் வீட்டில் நின்ற நாலு நாளும் எங்களை நன்றாகப் பார்த்துக்கொண்டாய். கண்ணுக்குத் தந்த துளி மருந்தை விடுகிறேன். நீ முன்னைவிட மெலிந்துபோனாய். உன்னோடு கோபம் இல்லை, அதை வாயால் சொல்லாமல் வந்துவிட்டேன், இதில் எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ஜசிந்தாவோடு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகிறேன் என்றேன் அல்லவா? கோவிலுக்குப் போனது உண்மை. அங்கே இருந்து மில்லுக்குப் போனோம். ஜசிந்தா உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டாள். வாசலில் நின்றாள்.

சிங்களப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்திருந்தார்கள், வெள்ளைச் சட்டையோடு. ஒரு பெண்பிள்ளை காதில் மாட்டிக்கொண்டு, ஓடுகிற எழுத்தை வாசித்து என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் படத்தைக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். மில்லில் படித்த சிங்களம் எனக்கு இன்னும் இருக்கிறது. பெட்டிக்குள் இல்லாததைச் சொல்கிறேன், கேளுங்கள் என்று தொடங்கினேன்.

பஞ்சு அறைக்கு வந்தபோது காவல்காரப் பொடியன் வந்து உதட்டில் விரலை வைத்தான். நான் சத்தமாகக் கதைக்கிறேனாம். எனக்கு எப்படித் தெரியும்? குறைத்துக் கதைத்தேன். பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கிட்ட வந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று விளங்கியது. கொஞ்சம் கூட்டினேன். திரும்பவும் விரலை வைத்தான். எந்த அளவில் சொன்னால் பிள்ளைகளுக்குக் கேட்கும், அவனுக்குக் கேட்காது என்று எனக்குப் பிடிபடவில்லை, தம்பி. அந்த அளவு எனக்கு இல்லை. இதற்குள் ரீச்சர் வந்து மணிக்கூட்டைக் காட்டினாள். பிள்ளைகள் எனக்குக் கும்பிட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்கள். நல்ல பிள்ளைகள்.

என்னை ஒரு கதிரையில் இருத்தித் தண்ணீர் தந்தார்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. யாரோ ஒரு ஐயா வந்து, என்னைக் கவனிக்காமல், காதில் மாட்டிக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

வெளியில் வந்தேன். ஜசிந்தா வெயிலில் நின்றாள். "சொன்னனீங்களோ அன்ரி?" என்று கேட்டாள். அவளுடைய வாயைப் பார்த்தேன்.

ஓம், சொன்னேன் என்றேன்.

குளிசையை விடாதே.

அக்கா
றஞ்சிதம்